காலி வண்டி

தயாளா,
நாளை சென்னையில் நீ காட்டப்போகும்
இருபத்திரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டேன்.
பத்தலப்பல்லி செக்போஸ்ட் எதிரே
ஹமீது கடை பெஞ்சில் இருக்கிறேன்,
ஒரு கையில் போன், ஒரு கையில் சமோசா.

மூன்றாம் பக்கத்தை எடுத்துவிடு.
இந்தியாவில் சரக்கு ஏற்றி இறக்குவது
எத்தனை லட்சம் கோடி என்பது
அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.
அதில் ஒரே ஒரு சதவீதம் போதும் என்று
போன வாரம் வந்தவனும் சொல்லியிருப்பான்.
நம்மிடம் இருப்பது நாற்பத்தொரு லாரி.
நாற்பத்தொன்று என்றே சொல்.
அதில் மூன்று உன் மாமாவுடையது என்பதையும்
அவர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடு.
கேட்டபின் சொன்னால் முழிப்பாய்;
நீ முழித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செயற்கை நுண்ணறிவு என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய்.
எனக்குத் தெரிந்து அந்த வேலையை
ராத்திரி ஒரு மணிவரை போனில் கத்திக் கத்திச் செய்வது
நானும் நஸ்ரீனும்தான்.

இன்று நடந்ததைக் கேள்.
குடியாத்தத்தில் தக்காளி இறக்கிவிட்டு
வி.கோட்டாவுக்கு வெறுமனே திரும்பும் ஒரு டிரைவரிடம்
நம்முடையதைத் திறந்து காட்டினேன்.
சிக்னல் இல்லை.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
அவர் டீயைக் குடித்து முடித்தார்.
நான் நீ எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தேன்:
இணைப்புத் தளம், நிகழ்நேரம், வெளிப்படைத்தன்மை.
அவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பெஞ்சில் முனிரத்தினம்,
நம் பதினாறாவது வண்டி.
பீடியை அணைத்துவிட்டுத் தெலுங்கில் சொன்னார்:
‘காளீகா எந்துக்கு போதாவு? இக்கடே லோடு உந்தி.’
காலியாக ஏன் போகிறாய், இங்கேயே லோடு இருக்கிறது.
அவ்வளவுதான்.
சட்டைப்பையிலிருந்து போன வாரத்து டீசல் பில்லை எடுத்து
அவர் கையில் கொடுத்தார்.
பேரணாம்பட்டில் நாற்பது மூட்டை மாட்டுத்தீவனம் ஏற்றிப்
பலமநேரில் இறக்கிய கூலி
அதன் பின்பக்கம் பேனாவில் இருந்தது.

வந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: கமிஷன் எவ்வளவு?
நீ அதைப் பத்தொன்பதாம் பக்கத்தில் வைத்திருக்கிறாய்.

முதல் பக்கத்தில் அந்தப் பில்லைப் போடு.
போட்டோ அனுப்பியிருக்கிறேன்,
டீக்கறையோடு. கறையை அழிக்காதே.

விளம்பரத்துக்குப் பணம் கேட்கும் இடத்தில்
ஹோர்டிங் என்றிருக்கிறது. வேண்டாம்.
பங்க்குகளில் இருநூறு ஸ்டிக்கர் ஒட்டினோம்,
ஒரு போன் வரவில்லை.
பஞ்சர் கடையில் ஒட்டிய ஒன்றைப் பார்த்துப்
பதினொரு பேர் வந்தார்கள்.
டியூபைத் தண்ணீரில் முக்கி
குமிழி தேடும் அந்த முக்கால் மணி நேரம்
டிரைவருக்குச் சுவரைத் தவிர
படிக்க எதுவும் இல்லை.
இந்தச் சாலையிலும் சித்தூர் சாலையிலும்
எத்தனை பஞ்சர் கடை என்று எண்ணிவிட்டேன்:
அறுபத்தெட்டு. அதற்குக் கேள்.

பெரிய கம்பெனி வந்தால் என்ன செய்வீர்கள் என்பார்கள்.
தெரியாது என்று சொல்லலாம், குற்றமில்லை.
கண்ணாடியைப் போட்டுக்கொள்,
இல்லாவிட்டால் திரையோடு முட்டிக்கொண்டு பேசுவாய்.

கொடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை.
வரும்போது வெறுமனே வராதே.
எந்தப் பக்கத்தில் யார் போனை எடுத்தார்கள்,
எந்த இடத்தில் நிமிர்ந்தார்கள்,
பஸ்ஸில் ஏறுமுன் எழுதி வைத்துக்கொள்.

இங்கே மழை பிடித்துவிட்டது.
ஹமீது பலகையை உள்ளே எடுக்கிறார்.
பின்கதவு ஆடிக்கொண்டே ஒரு லாரி
மலை ஏறுகிறது, உள்ளே ஒன்றுமில்லை.
நம்பரைக் குறித்துக்கொண்டேன்.