மேல்

வெல்லாவெளி வளைவில் ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கையில்
ஆடொன்று அடிபட்டது. சினை ஆடு.
டொனகா இறங்கி நின்றார்.
குளங்களின் கணக்கெடுக்க அயர்லாந்திலிருந்து வந்தவர்,
பெயரின் வாலில் எங்கட ‘கா’.
சொறி என்றார் நாலு தரம்.
ஐந்தாம் தரம் அவருக்கே அது போதவில்லை,
தாய்மொழிக்குப் போய்விட்டார்:
தா ப்ரோன் ஒரம்.

“என்னத்தத் தரட்டாம்?” என்றாள் இளையதங்கம்,
கையில் வெறுங்கயிறு.

மொழிபெயர்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
புத்தகத் தமிழ் வாயில் வந்தது:
“அவருக்கு வருத்தமாம்.”

“என்ன வருத்தம்கா, காய்ச்சலா?
முகமும் சிவந்துதான் கிடக்கு.”
ஆட்டை அப்படியே விட்டு உள்ளே போனாள்.
மல்லித்தண்ணி வந்தது, வேர்க்கொம்பு தட்டிப் போட்டு.
மனிதர் கண்ணில் நீர் முட்டக் குடித்தார்.
ஆட்டுக்கு மட்டும் காசெடுத்தாள்.
வயிற்றில் இருந்ததற்கு விலை சொல்லத் தெரியாதாம்.

மண்டூர்த் துறையில் பாதைக்குக் காத்து நின்றோம்.
பாதை என்றால் இங்கே தெருவல்ல,
வாகனம் ஏற்றி வாவியில் மிதக்கிற தட்டு.
சொன்னதும் கொப்பியை எடுத்தார்.
பதிலுக்குத் தன் சொல்லை
மீன் முள் எடுப்பதுபோலப் பிரித்துக் காட்டினார்.

தா, இருக்கிறது. வினைதான் முதலில் வரும்.
ப்ரோன், துயர். ஆண்பால்.
‘துயரின்’ என்றால் கடைசி மெய் நாவில் குழையும்.
வேர் பல்லைக் கடிப்பதாக இருக்கலாமாம்,
உறுதியாய்ச் சொல்ல மாட்டாராம்.
ஒரம், என் மேல்.
உருபும் ஆளும் ஒட்டி ஒரே சொல்.
துயர் அங்கே ஆள் மேல் வந்து இருக்கும்;
பசியும் அப்படி, தாகமும் அப்படி,
தடிமனும்.

தடிமனுமா என்று கேட்டேன்.
தடிமனும்தான் என்றார்.

பாதை நடு வாவிக்கு வந்திருந்தது.
மேல் கழுவினாயா, மேலுக்கு முடியல்ல,
மேலெல்லாம் நோகுது.
எங்கட மேல் உடம்புமல்லவா.
சொல்லலாமென்று திரும்பினேன்.
எஞ்சின் இரைந்தது. விட்டுவிட்டேன்.

இரவு எட்டரைக்கு ஃபோன்.
“அந்த மனிசனுக்கு வருத்தம் மாறிட்டாகா?”
யன்னலால் பார்த்தேன்.
விடுதியில் அவர் அறை விளக்கு எரிந்தது.
“இல்லகா, மேலதான் இரிக்கி.”

“அப்ப நாளைக்கும் கூட்டி வாகா.
மல்லி இரிக்கி.”