வெறும் ஓங்கரிப்பு

புல்லைத் தின்று நுரை கக்கினால்
கழுவிவிட்டுத் தூங்கப் போவேன்.
அவக் அவக்கென்று விழுங்கிய சோறு
அப்படியே திரும்பி வந்தாலும்
திட்டிக்கொண்டே அள்ளிப் போடுவேன்.
போன ஜூலைக் குளிரில்
வாத்து போல் இருமி இருமி எச்சில் துப்பியது.
பத்து நாள் மாத்திரை; கழுத்துப்பட்டையைக் கழற்றி வைத்தோம்.

இன்று மின்வெட்டு.
சாட்ஸ்வொர்த் முழுக்க இருட்டு.
ஓங்கரிக்கிறது, ஓங்கரிக்கிறது,
ஒன்றும் வரவில்லை.
வாயைப் பிளந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
எலும்பில்லை, முள்ளில்லை.
வயிற்றில் கை வைத்தேன்.
மத்தளம்.

மதில்மேல் தலை நீட்டிப் பூபாலன்,
"சோடா கரைச்சு ஊத்துங்க, விடியட்டும்" என்றார்.
விடிந்தால் இது இருக்காது என்றேன்.

நாற்பத்தெட்டு கிலோ ரோக்கோ.
போர்வையில் ஏந்திப் பக்கியில் ஏற்றினோம்
நானும்,
மூன்று மாதமாய் என்னோடு பேசாத தேஷ்னியும்.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில்
சிக்னல்களும் செத்திருந்தன.
ஓட்டியபடியே போனில் அவள்தான் சொன்னாள்:
"வயிறு முறுக்கிக்கிச்சு போல.
மேசையை ரெடியா வைங்க."

கதவு மூடிவிட்டது.
என் நைட்டியில் அதன் எச்சில் காய்கிறது.
கையில் வெறும் சங்கிலி.
மெஷினில் இரண்டு டீ பிடித்து வந்தாள் தேஷ்னி.
எனக்குச் சர்க்கரை நோய் என்று
அவளுக்கு இன்னும் தெரியாது.

குடித்தேன்.