ஒன்று ஐந்து மூன்று ஆறு இரண்டு நான்கு

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கியது.
கன்னடப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்,
ஓசூர் தாண்டும்வரை
கைக்குழந்தைபோலக் கனத்தது.
"என்னம்மா அது, குக்கரா?"
டிஸ்ட்ரிபியூட்டர் என்றேன்.
அரை டிக்கெட் கேட்காமல் போனார் கண்டக்டர்.

ராயக்கோட்டை. வெயில் இறங்காத மூன்று மணி.
புளியமரத்தடியில்
ஐம்பத்து மூன்றாம் வருஷத்துச் செவர்லே,
முதுகில் காலித் தண்ணீர்த் தொட்டி.
நாலு நாளாகக் கோழிப்பண்ணையிலிருந்து போன்.
பழையதில் புஷ் தேய்ந்து
நெருப்பு நினைத்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது,
கடன் வாங்கியவன் வருவதுபோல.

கழற்றும் முன் ரோட்டர் பார்த்த திசைக்கு
சாக்பீஸில் கோடு போட்டிருந்தேன்.
ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள்
மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைப் பளபளவென்று
துடைத்து வைத்திருந்தாள் தீர்த்தம்மா.

தீர்த்தம்மா என் நாத்தனார்.
கிணற்றுப் பாகத்துக்காக என் மேல்
தேன்கனிக்கோட்டையில் கேஸ் போட்டிருப்பவள்.
லாரி மட்டும் இரண்டு பேர் பெயரிலும்.
வாய்தாவுக்கும் இதில்தான் போகிறோம், ஒன்றாக,
பேசாமல்.

இனி முதலிலிருந்து.
ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றித்
துளையில் பெருவிரலை வைத்தேன்.
அவள் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றினாள்.

ஃப்ளைவீல் ஜன்னலில்
மிளகளவு எஃகுக் குண்டு ஒன்று வந்து நிற்கும்.
நின்றால் போதாது.
இரண்டு சுற்றில் இரண்டு முறை வரும் அது:
ஒருமுறை வெடிக்க,
ஒருமுறை சும்மா புகையைத் தள்ளிவிட.
கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.
விரலுக்குத்தான் தெரியும்,
அடைத்த மூச்சு முட்டிக்கொண்டு வருவது.

அந்த நேரம் பார்த்துக் கோழிப்பண்ணைக்காரர் போன்.
விரலை எடுத்துவிட்டேன்.

"தள்ளுச்சா?"
ரேடியேட்டரைப் பார்த்துக் கேட்டாள்.
இன்னொருமுறை சுற்று என்று
அவளிடம் கேட்க வாய் வரவில்லை.
"தள்ளுச்சு."

நேராக இறக்கினால் நேராக உட்காராது அது.
சாய்வெட்டுப் பல், இறங்க இறங்கத் திரும்பும்.
கொஞ்சம் முன்னாலேயே
வேறெங்கோ பார்க்கவைத்து இறக்க வேண்டும்.
கடைசி அரை அங்குலத்துக்கு அடம்.
அடியில் ஆயில் பம்ப்பின் பிளவைத்
தேடித் தடவி, ஸ்க்ரூடிரைவரால் திருப்பி,
மூன்றாம் தடவை
'டொக்'.

பாயிண்ட் இடைவெளி பார்க்க ஃபீலர் இல்லை.
ஹேண்ட்பேக்கில் கோர்ட் நோட்டீஸ் இருந்தது.
நாலாக மடித்து நுழைத்தேன்.
இழுத்தால் லேசாக ஒட்டியது,
அளவு அதுதான்.
தீர்த்தம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சுவிட்ச் போட்டேன்.
கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி,
மரத்துக் காக்கையெல்லாம் ஒரே மூச்சில் மேலே,
டீக்கடையில் யாரோ "அய்யோ" என்றார்கள்.

கருகிய புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
முதல்முறையாக என்னைப் பார்த்து அவள் கேட்டாள்:
"தள்ளுச்சா, இல்ல
தள்ளுச்சுன்னு சொன்னியா?"

நான் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பக் கழட்டாதே," என்றாள்.
"உக்காந்தது உக்காந்தபடி இருக்கட்டும்.
ஒயரை எதிர்ப்பக்கம் மாத்து."

மாற்றினோம், எதிரெதிரே நின்று
கை இடிக்காமல்.
ஒன்றின் இடத்தில் ஆறு.
ஐந்தின் இடத்தில் இரண்டு.
மூன்றின் இடத்தில் நான்கு.
தப்பாக நின்றது அப்படியே நிற்க,
அதைச் சுற்றியிருந்த எல்லாம் இடம் மாறின.

பிடித்துக்கொண்டது.
தும்மி, இருமி, பிறகு ஒரே சீராக.
அவள் டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைப் பிடித்து
மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள்,
தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டபடி.
"போதும்."
நான் போல்ட்டை முறுக்கினேன்.

பண்ணைக்கு இரண்டு நடை அடித்தோம்.
இருட்டிவிட்டது.
நோட்டீசை விரித்தேன்,
நாலு மடிப்பிலும் கிரீஸ், தேதி மட்டும் தெரிந்தது.

"வியாழக்கிழமை
ஏழு மணிக்கே கிளம்பணும்," என்றாள்
ரேடியேட்டரிடம்.