பதினான்காம் பெட்டி

பதினான்காம் பெட்டியில் ஈரப்பதம் நாற்பத்தொன்று.
ஐம்பது இருக்க வேண்டும்.
ஒன்பது எங்கே போயிற்று என்று
காலை எட்டு மணிக்கே கேட்கிறார் ரேத்தோ சும்ஸ்டைன்,
கல்லாவில் காசு குறைந்ததைப் போல.

உள்ளே ஒருத்தி நிற்கிறாள்.
லிண்டன் மரம். ஐந்நூறு வயது.
எந்தப் புனிதை என்று தெரியாது;
அடையாளத்தைப் பிடித்திருந்த கை
எப்போதோ முறிந்துவிட்டது.
காய்ந்தால் சுருங்குவாள்
நனைந்தால் உப்புவாள்.
மேலே பூசிய சாயத்துக்கு
இரண்டும் தெரியாது.
மரம் அசையும், சாயம் அசையாது,
நடுவில் கிழிவது கன்னம்.
இடது காதோரம்
உமியளவு செதில் ஒன்று
எழும்பத் தொடங்கியிருக்கிறது.

பாசல் நகரத்து மார்ச் மாதம்.
வெளியே ரைன் நிறையத் தண்ணீர்,
உள்ளே காற்றுக்கு விக்கல்.
வெப்பக் குழாய்கள் இரவெல்லாம்
அறையை வறுக்கின்றன.

பெட்டிக்கு அடியில் இழுப்பறை.
சிலிகா ஜெல் தட்டுகளை எடுத்து
எடை போட்டேன்.
ஐந்தும் சேர்ந்து முந்நூறு கிராம்
இளைத்திருந்தன.
கொடுத்துக் கொடுத்து இளைத்தவை.
கொடுத்தது அவளிடம் தங்கவில்லை.
மறுபடி ஈரமூட்டி வைத்தேன்.
நான்காம் நாள்
நாற்பத்திரண்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
இங்கே அது செல்லாது.
பக்கத்துப் பெட்டியில் இரும்புச் சாவிகள்,
முப்பத்தைந்தைத் தாண்டினால் துரு.
அதற்கும் அப்பால் நோயுற்ற கண்ணாடிக் கிண்ணம்,
காய்ந்தால் விரியும், நனைந்தால் அழும்.
உவமை இல்லை, உண்மையாகவே அழும்.
துடைத்த பஞ்சைச் சோதித்தால்
உப்பல்ல, காரம்.
ஒவ்வொன்றும் தனி உலை.

எங்கள் மொழியில், என்றேன் ரேத்தோவிடம்,
ஈரத்தோடு பதம் என்றொரு சொல்
ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பாகுக்கு உண்டு, வயலுக்கு உண்டு,
கத்திமுனைக்கும் உண்டு.
ஜேர்மனில் இதற்கு என்ன?
அவர் கொஞ்சம் யோசித்தார்.
ரப்பர் விளிம்பைப் பார், என்றார்.

டிராம் சீட்டை இடுக்கில் வைத்துக்
கதவை மூடி இழுத்தேன்.
மேலே பிடித்தது.
பக்கங்களில் பிடித்தது.
கீழே, கீலுக்கு ஒரு சாண் தள்ளி,
வெண்ணெயில் கத்தி போல
வழுக்கிக்கொண்டு வந்தது.

டார்ச் அடித்தேன்.
பச்சை.
பூச்சி என்று நினைத்தேன், இதயம் நின்றது.
இடுக்கியில் வந்தது காகிதப் பொட்டு,
நனைந்து, நாலாய் மடிந்து, காய்ந்து,
கல்லாகிப்போன ஒன்று.

பஸ்நாக்த் திருவிழாவில்
மக்கள் மேல் வாரி இறைப்பது.
ஒரு மூட்டைக்கு ஒரே நிறம்;
கலந்திருந்தால் தெருவில் பொறுக்கியது என்று
இந்த ஊரே முகம் சுளிக்கும்.
செவ்வாய்க்கிழமை மழையில்
பெருமூக்கு முகமூடிக்காரன் ஒருவன்
வண்டியிலிருந்து குனிந்து
ஒரு மிமோசாக் கொத்தை நீட்டினான்.
வாங்கக் கை நீட்டினேன்.
இன்னொரு கையால் என் கழுத்துக்குள்
ஒரு படி பச்சையைத் திணித்தான்.
அரைமணி கழித்து
அளவியின் பேட்டரியை மாற்ற
இந்தக் கதவைத் திறந்தவள் நான்தான்.

பதிவேட்டில் எழுதினேன்.
காரணம்: காகிதத் துணுக்கு.
நிறம்: பச்சை.
யாரால் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
பேனாவுக்கும் பதம் உண்டு போலும்.
பிறகு என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன்,
சிறியதாக.

அன்று மாலை நாற்பத்துநான்கு.
வெள்ளியன்று நாற்பத்தேழு.
அவள் காதோரச் செதில்
விழவும் இல்லை, படியவும் இல்லை.
வியாழக்கிழமை பசையும் பூனைமயிர்த் தூரிகையும் கொண்டு
வேறொருத்தி வருவாள்.

திங்கள் காலை எட்டு மணி.
நாற்பத்தொன்பது.
ரேத்தோ பதிவேட்டைப் புரட்டினார்,
அந்தக் கட்டத்தில் சற்றே நின்றார்,
மூடினார்.
ஒன்று குறைகிறது.
எங்கே என்று
அவர் கேட்கவில்லை.