மொய்ப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர்

மொய் நோட்டைக் கூட்டினால்
நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பத்தொன்று.
நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று வந்ததில்
ஒற்றை ரூபாய் மட்டும் தனியாக ஒரு டப்பா.
பீரோ வாங்கு என்றார்கள் இரண்டு வீட்டிலும்.

நாங்கள் பழகியதே ஒரு விளையாட்டில்.
கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மெஷின் உருளும் பின்னிரவில்
லோடு எழுதி முடித்து, விரல் ஈரம் துடைத்து
செல்போனில் நான் சுட்டுக்கொண்டிருந்தேன்.
குன்னூர் பெட்ரோல் பங்கில் நைட் ஷிப்டில் இருந்த யோகராஜ்
முகம் தெரியாத என்னைக் காப்பாற்ற ஓடிவந்து
தானும் செத்தான்.
அதனால் பீரோ இல்லை.

ரெடிமேடு, என்கிறான்.
கோயம்புத்தூரில் கடை பார்த்துவிட்டான்.
பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே விளக்கு
தேர்ச் சீரியல் செட் மாதிரி நிறம் மாறுகிறதாம்.
ஐம்பத்திரண்டு சொல்லி நாற்பத்தொன்பதுக்கு இறங்கினார்கள்.
பிளக்கைச் சொருகினால் ஆட்டம்.
மூன்று வருஷம் வாரண்டி.

பவர் சப்ளை என்ன என்று கேட்டாயா?
கேட்டேன். நல்ல சப்ளை என்றார்கள்.
பெயர்?
நல்ல சப்ளை.

பக்கத்து யார்டில் மோட்டார் போட்டால்
நம் பல்பு மஞ்சளாவது அவர்களுக்குத் தெரியுமா?
ரிப்பேர் என்றால் அதை மடியில் வைத்து
மலையிறங்கப்போவது யார்?
மூடியைத் திறந்தாலே வாரண்டி போச்சு என்று
ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பெட்டி அது.

எடைச்சீட்டின் பின்பக்கம் நான் எழுதினேன்:
பிராசஸர், போர்டு,
ராம் இப்போது ஒன்று, பிறகு இன்னொன்று,
பெயருள்ள பவர் சப்ளை (இதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது),
இருப்பதிலேயே மலிவான கேபினெட்.
ஃபேன் ஒன்று போதும், இங்கே குளிர் இலவசம்.
ஈரமும் இலவசம், என்றான்.
அது சரியான பேச்சு.
கல்யாண ஷூவில் வெள்ளையாய்ப் பூத்த பூஞ்சையை
இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

முப்பத்தொன்று ஆனது.
கிராபிக்ஸ் கார்டு தனியாக இருபத்திரண்டு.
எப்படிக் கூட்டினாலும் ஐந்தாயிரத்துச் சொச்சம் துண்டு விழுந்தது.
ரெடிமேடுக்கு ஆயிரத்து அறுநூறு புரட்டினால் போதும்,
இன்று ராத்திரியே ஆடலாம், என்றான்.
கார்டு இல்லாமல் கேமிங் கம்ப்யூட்டரா?

நம் வீட்டைப் பார், என்றேன்.
மாடிக்கென்று கம்பி விட்டு நிற்கவில்லையா எட்டு வருஷமாக?
மாடி இல்லை என்பதால் கீழே யாரும் தூங்காமல் இருக்கிறோமா?
ரெடிமேடில் பாதி வாங்க முடியாது.
இதில் முடியும்.

பெட்டிகள் வந்த அன்று உறைபனி.
வாஷிங் மெஷினா என்று கேட்டார் மாமியார்.
ஸ்டாடிக் வரும், ஸ்வெட்டரைக் கழற்று என்றேன்.
பனியனோடு டார்ச் பிடித்தான், ஒளி நடுங்கியது.
அரிசி மணி அளவு ஸ்க்ரூ ஒன்று
கட்டிலுக்கடியில் போனது, இன்னும் வரவில்லை.
ஸ்விட்சைப் போட்டோம்.
ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

ராமை எடுத்து மறுபடி வைத்து
கட்டைவிரலால் அழுத்தினேன், உடைந்தால் உடையட்டும் என்று.
டக்.
அந்தச் சத்தத்துக்கு அவன் கைதட்டினான்.

மீதிப் பதினாறாயிரம் கார்டுக்கென்று நின்றது.
நாத்தனார் ஹாஸ்டலுக்குப் பத்து,
ஸ்டெபிலைசர், சிலிண்டர்,
பிறகு அது எப்படிப் போனது என்று எழுதி வைக்கவில்லை.
ரெடிமேடாக இருந்தால் அதிலேயே பூட்டிக் கிடந்திருக்கும்,
என்றான் ஒருமுறை.
அதுவும் சரியான பேச்சு.

எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்தில் வைத்து ஆடுகிறோம்.
மரங்களுக்கு இலை கம்மி. ஆட்களுக்கு நிழலே இல்லை.
பனிமூட்டத்தை முதல் நாளே அணைத்துவிட்டோம்.
ஜன்னலுக்கு வெளியே
எதிர்வீட்டுத் தகரக் கூரை காணாமல் போயிருக்கிறது,
அதை அணைக்க பட்டன் இல்லை.

காலியான நீள ஸ்லாட்டில் தூசி இறங்காமல்
எடைச்சீட்டை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன்.
விலை ஏறினால் யார்டில் எங்களுக்கும் போனஸ் உண்டு.
ஒரு செடிகூட நட்டறியாதவன்
விடிந்ததும் போன் போட்டுக் கேட்கிறான்
மேட்டுப்பாளையத்தில் இன்றைக்குக் கேரட் என்ன விலை.