கட்டணப் படிவம், மூன்று பிரதிகள்

தேவகோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து
பில் எழுதுகிறேன்.
தீர்ப்பு வந்து ஏழு மாதம்.
போன தடவை அனுப்பியது திரும்பி வந்துவிட்டது:
'இணைப்பு மூன்றில் கையொப்பம் இல்லை.'

எதிரியின் பெயர்: சோணைமுத்து.
யாருக்கும்மா நான் எதிரி என்று
முதல் நாளே கேட்டான்.
கோர்ட்டுத் தமிழ் அப்படித்தான் என்றேன்.
கண்டனூரில் பூட்டிக் கிடந்த வீட்டின்
தேக்குக் கதவைத் தூக்கி வண்டியில் வைத்தான்.
தூக்கச் சொன்னவர் அந்த வீட்டில் பத்தில் ஒரு பங்கு.
திருட்டு என்று புகார் கொடுத்தவர்
இன்னொரு பத்தில் ஒன்று.
தூக்குகூலி நானூறு.
பாக்கி.

ஆஜரான நாட்கள்: ஒன்பது.
நிர்ணயித்த தொகை அச்சிலேயே இருக்கிறது,
எனக்கு யோசிக்கிற சிரமம் இல்லை.
சாட்சி வராததால் திரும்பிய நாட்களை
எழுதலாமா என்று கேட்டேன்.
எழுதலாம், கழித்துவிடுவார்கள் என்றார் குமாஸ்தா.

கோட்டையூர் வீட்டுப் பாகப்பிரிவினையில்
நாற்பத்து மூன்று வாரிசுகள், இருவர் பினாங்கில்.
ஏழாம் பிரதிவாதிக்கு நான் வக்கீல்.
வாய்தாவுக்கு மூவாயிரம்,
வாயே திறக்காத வாய்தாவுக்கும்.
நான் கோர்ட் படி இறங்குமுன்
போனில் பணம் வந்த சத்தம் கேட்கும்.
அநியாயம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.
அந்தப் பணத்தில்தான்
திருப்பத்தூர் கிளைச் சிறைக்கு
ஸ்கூட்டரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனேன்.
ஒரு வீட்டின் சண்டை
இன்னொரு வீட்டின் கதவைத் தூக்கியவனுக்கு
வக்கீல் வைத்துக் கொடுத்தது.

ஃபீஸ் எவ்வளவு என்று கம்பிக்குள்ளிருந்து கேட்டான்.
நீ தர வேண்டாம், சர்க்கார் தரும் என்றேன்.
முகம் விழுந்துவிட்டது.
மறுநாள் பஞ்சவர்ணம் ஆபீசுக்கு வந்தாள்,
தோட்டை வைத்த அடகுச் சீட்டும்
ரப்பர் பேண்ட் போட்ட ஆறாயிரமுமாக.
'காசு வாங்கிக்கிட்டாவது ஒழுங்காப் பேசுங்கம்மா.'
வந்த கோபத்தில் கை நடுங்கியது.
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்,
நேர்மையைப் பற்றிக் கால் மணி நேரம்
இலவசமாகப் பேசியும் அனுப்பினேன்.

பிப்ரவரி பன்னிரண்டு.
சோணைமுத்துவின் ஜாமீன் மனு எடுக்கிற நாள்.
அன்றைக்கே கோட்டையூர் வீட்டை
கமிஷனர் அளக்க வந்தார்.
ஏழாம் பிரதிவாதி கார் அனுப்பினார்.
போனேன்.
வளவில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
நாற்பத்து மூன்றால் வகுபடாத ஒரு வீட்டில்
மத்தியானம் வரை நின்றேன்.
மனு தள்ளிப்போயிற்று. பதினோரு நாள்.

பஞ்சவர்ணம் தப்பாகச் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்துப் பெட்டிக் கணக்குகளில்
கடல் கடந்து கொடுத்த ஒரு வெள்ளிக்கும்
ஒரு வரி உண்டு.
இந்தப் படிவத்தில் பதினோரு நாளுக்குக் கட்டமில்லை.
நானூறு வீதம் நாலாயிரத்து நானூறு,
என் பெயரில் பற்று.
ஃபீஸ் குறைவு என்று சங்கக் கூட்டத்தில்
இன்னமும் சத்தம் போடுவேன். குறைவுதான்.
கூட்டிக் கொடுத்திருந்தால்
அந்தக் காரில் ஏறியிருக்க மாட்டேனா?
தெரியவில்லை. கதவு திறந்தே இருந்தது.

கடைசி வரியில் உறுதிமொழி:
'பயனாளியிடமிருந்து எத்தொகையும் பெறவில்லை.'
கையெழுத்துப் போட்டுப் பிரதி எடுக்கக் கொடுத்தேன்.

மூட்டை இறக்கிவிட்டு வந்த சோணைமுத்து
தலைத்துண்டை உதறிக்கொண்டே நின்றான்.
'ஒங்க காசு இன்னும் வரலையாம்மா?'
இல்லை என்றேன்.
'எனக்கும் அந்தக் கதவு நானூறு வரல.'
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பன்னிரண்டு ரூபாய் என்றார் கடைக்காரர்.
நான் பையைத் திறக்குமுன்
அவன் நீட்டிவிட்டான்.
தடுக்கத் தூக்கிய கையை
இறக்கிக்கொண்டேன்.