நாற்பத்தோரு விநாடி

சுற்றறிக்கை வந்தது:
வியாழன் மட்டும், ஒன்பதாம் வகுப்பு மட்டும்,
இயற்பியலுக்கு மட்டும் கைப்பேசி.
கீழே பிரின்சிபலின் பச்சை மை.

வருஷம் முழுக்கப் பிடுங்கி
என் மேசை டிராயரில் பூட்டியதை
"வெளியே எடுங்க" என்று சொல்ல
நாக்கு கூசியது.

ஷார்ஜா, முவைலே. ஜூன்.
ஜன்னலுக்கு அப்பால் மணல் நிறத்தில் வானம்.
பாடம், ஒலியின் உரப்பு.
மேசைகளில் இருபத்தேழு கைப்பேசிகள்,
இன்று காது மட்டும்தான் அவற்றுக்கு.
ஏசி இரைச்சல் ஐம்பத்தெட்டு டெசிபல்.
நிஸ்தார் விரல் சொடுக்கினான், முள்ளாய் ஒரு கோடு எழுந்தது.
அவிரா மூச்சையே அடக்கிப் பார்த்தான்.
கோடு இறங்கவில்லை. ஏசிதான் இருக்கிறதே.

ஜெபஸ்டின் வைத்திருந்தது அவன் அப்பாவுடையது.
மூலையில் விரிசல். உறையில் கிரீஸ் ரேகைகள்.
ஏசி மெக்கானிக்.
ஜூன் மாதத்தில் அது இல்லாத ஒரு பகல் என்றால்
எத்தனை வீடு, எத்தனை திர்ஹம்?
நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.
'சைலண்ட்ல போடாதே,
யாராவது கூப்பிட்டா அட்ரஸ் எழுதி வை'
என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"இனி ஒரு நிமிஷம்
யாரும் அசையாதீங்க" என்றேன்.

அப்போதுதான் அது அலறியது.
மொட்டைமாடியில் கம்ப்ரசர் ஓடும்போதும் கேட்கவேண்டிய மணி.
எழுந்து நின்று எடுத்தான்.
"ஹான் ஜி" என்று இந்தியில் தொடங்கி
மலையாளத்துக்குத் தாவினான்.
வெளியே இருக்கிற ஃபேன் சுற்றுகிறதா,
தண்ணீர் சொட்டுகிறதா, எத்தனை வருஷ மெஷின்?
குரல் கூட வேறாகியிருந்தது,
நாற்பது வயதுக் குரல்.
பிளாட் எண்ணை உள்ளங்கையில் எழுதினான்.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வரைபடங்களை ஒட்டினோம்.
இருபத்தாறு தாள்களில் ஒரே இடத்தில் ஒரு மலை.
பெயரிடச் சொன்னேன்.
'பிழை' என்று எழுதினார்கள் சிலர். 'இடையூறு', சிலர்.
நிஸ்தார் மட்டும்
'ஜெபஸ்டின் அப்பாவுக்கு வேலை வந்தது'
என்று எழுதி, நேர அச்சில் அம்புக்குறி இட்டிருந்தான்.

ஜெபஸ்டின் தாளில் மலை இல்லை.
அழைப்பு வந்தால் செயலி பதிவை நிறுத்திவிடுமாம்.
கோடு வந்து, அறுந்து,
நாற்பத்தோரு விநாடி வெள்ளைத் தாள்,
மறுபடி கோடு.

மணி அடித்து எல்லாரும் போனபின்
தனியே வந்து தமிழில் கேட்டான்:
"மேம், நடுவுல ஒண்ணுமே இல்ல. மார்க் போகுமா?"

நிஸ்தாரோடதைப் பார்த்து வரைஞ்சுக்கோ என்றேன்.
பென்சிலைக் கூட நீட்டிவிட்டேன்.

"வேணாம் மேம்.
அப்போ நான் பேசிட்டு இருந்தேன்."

உள்ளங்கையை மூடாமல்,
வியர்வையில் முந்நூற்று நாலு அழிந்துவிடாமல்
நடந்து போனான்.